தலையாட்டாத ஓர் ஆள்

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த என் பேத்தி, சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு முகப்புத் திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போனை நீட்டி, "ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. "நீயே படித்தா" என்றேன்.

பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறவள். அதை விட்டுவிட்டுக் காரைக்குடிக்கே வந்து ஒரு தொழில் தொடங்க வேண்டும் என்று ஆசை. மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், மாவுருண்டை, கவுனி அரிசி எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் செட்டிநாட்டு ஆட்களுக்கு மாதாமாதம் அனுப்புவது. சேர்த்து வைத்த ஆறு லட்சம் கையில் இருக்கிறது. இதைச் சொல்லி ஏஐ சாட்பாட்டிடம் கருத்துக் கேட்டிருக்கிறாள். "மிகச் சிறப்பான யோசனை" என்று தொடங்கிப் பன்னிரண்டு தலைப்பில் அது பதில் எழுதியிருந்தது. கம்பெனிக்கு ஐந்து பெயர், பெட்டிக்கு என்ன நிறம், முதல் வருஷ லாபம், மூன்றாம் வருஷ லாபம் எல்லாம் இருந்தது.

"அடக்க விலை எங்கேருந்து எடுத்துச்சு?" என்று கேட்டேன்.

"அதுவா போட்டுக்கிச்சு ஐயா."

எனக்கு எழுபத்து நான்கு வயது. கம்ப்யூட்டர் சமாசாரம் எதுவும் வேண்டாம் என்று ஒதுங்குகிற ஆள் இல்லை நான். அந்த சாட்பாட்டை நானும் பயன்படுத்துகிறேன். மருந்துச் சீட்டில் இருப்பதைப் புரிந்துகொள்ளவும் பழைய பத்திரத்து வார்த்தைக்கு அர்த்தம் கேட்கவும் அது எனக்கு உதவியிருக்கிறது. ஆனால் அன்றைக்கு என் பேத்தியின் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்ததும் எனக்கு 1986-ஆம் வருஷம் ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பூரிப்பு ஒரு காலத்தில் என் முகத்திலும் இருந்தது.

அப்போது திருச்சியில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். செட்டிநாட்டு மசாலாப் பொடியைப் பாக்கெட் போட்டு விற்கலாம் என்று ஒரு யோசனை. அவசரப்படவில்லை, பலரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினேன். அந்த வைகாசியில் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி உட்கார்ந்து, தெரிந்தவர்கள் அத்தனை பேரிடமும் சொன்னேன். ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமா ஒருவர் முதுகில் தட்டி, "இதை இத்தனை நாள் யாருமே செய்யலையேப்பா" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஏன் யாரும் செய்யவில்லை என்று அவரிடமே திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

நானூறு கிலோ திரித்தேன். கடைக்காரர்கள் "வச்சுட்டுப் போங்க, வித்தா காசு" என்று வாங்கி வைத்தார்கள். ஆறு மாதத்தில் முக்கால்வாசி திரும்பி வந்தது. ஒரு டின்னின் மூடியை நெம்பித் திறந்தபோது பொடியின் மேல் நூலாம்படை மாதிரி ஒரு வலை படிந்திருந்தது. விரலை விட்டதும் புழு நெளிந்தது. அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. என் வீட்டு ஆச்சி ஒரு வார்த்தை பேசாமல் டின்களைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லைக் குழியில் கொட்டினார். அவர் கையில் இரண்டு வளையல் குறைந்திருந்தது.

பிறகு ஒரு நாள் அந்த மாமா வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் மல்லியும் மிளகாயும் வறுபட்டுக்கொண்டிருந்தது, மிஷினுக்குக் கொடுத்துத் திரிக்க. எந்த வீட்டிலும் அப்படித்தான். அன்றைக்கு நம் ஊர்ப் பெண்கள் பொடியைக் கடையில் வாங்குகிற ஆட்களே இல்லை. மாமா பொய் சொல்லவில்லை. என் மேல் இருந்த பிரியத்தில் நல்ல வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையைச் சொல்ல அவர் பையிலிருந்து ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை, அவ்வளவுதான்.

சாட்பாட்டுக்கும் அதே பழக்கம் இருக்கிறது. அதற்குப் பிரியம் கிடையாது. பழக்கிய விதம் அப்படி. கோடிக்கணக்கான பக்கங்களைப் படிக்க வைத்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதன் பிறகு ஆட்களை உட்கார வைத்து, எந்தப் பதில் பிடித்திருக்கிறது என்று மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். நம்மைப் பாராட்டுகிற பதிலுக்கு யார்தான் குறைத்துப் போடுவார்கள்? 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ கம்பெனி சாட்ஜிபிடியில் ஒரு மாற்றம் செய்தது. அது எதைச் சொன்னாலும் புகழ ஆரம்பித்துவிட்டது. மலத்தைக் குச்சியில் செருகி விற்கலாமா என்று ஒருவர் கேட்க, அபாரமான தொழில் யோசனை என்று பதில் வந்த செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அளவு மீறி முகஸ்துதி செய்கிறது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு, சில நாளில் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. கொஞ்சம் குறைந்திருக்கும், அடியோடு போய்விட்டதாக நான் நம்பவில்லை.

அன்றைக்குத் திண்ணையில் பேத்தியிடம், "நான் சொல்றதைப் புதுசா ஒரு பக்கத்துல அடித்தா" என்றேன். "என் சிநேகிதி ஒருத்தி இந்தத் தொழில் தொடங்க என்னிடம் ஆறு லட்சம் கேட்கிறாள். கொடுக்கலாமா?" அவ்வளவுதான். அதே பலகாரம், அதே பெட்டி, அதே தொகை. யோசனைக்குச் சொந்தக்காரி மட்டும் மாறினாள்.

"பணம் கொடுக்கும் முன் நன்றாக யோசியுங்கள்" என்று தொடங்கியது பதில். எண்ணெய்ப் பலகாரம் நாளானால் சிக்கு வாடை அடிக்கும், கூரியரில் நொறுங்கும், இதே தொழிலில் பலர் இருக்கிறார்கள், மாதாமாதம் ஒருவர் இத்தனை பலகாரம் வாங்குவாரா என்பது சந்தேகம், சிநேகிதியின் லாபக் கணக்குக்கு ஆதாரம் என்ன என்று கேளுங்கள். ஆதாரம் இல்லாத அந்தக் கணக்கை அரை மணி நேரத்துக்கு முன் போட்டுக் கொடுத்ததே அதுதான்.

பேத்தி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தாள். "அப்ப இதுதான் நிஜமா ஐயா? தொழில் வேண்டாமா?"

இல்லை என்றேன். முதலில் உன் ஆசைக்குத் தலையாட்டியது, பிறகு உன் சந்தேகத்துக்குத் தலையாட்டியது. இரண்டுமே தீர்ப்பு இல்லை. நீ கேட்கிற தொனியைப் பார்த்துத் தட்டு சாய்கிற தராசு அது. ஆனால் இரண்டாவது பதிலில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதில் இருப்பவை உனக்குத் தோன்றாத கேள்விகள். அந்தக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு தெருவில் இறங்கு. பதில் சொல்ல வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

தம்பிகளே, ஆத்தாக்களே, இதைப் படிக்கிற உங்களுக்கும் இதே பழக்கம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வீட்டுக் கதையைப் பொதுவில் எழுதுகிறேன்.

எங்கள் ஐயா சின்ன வயதிலேயே பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை வேலைக்கு, போனவர். போனதும் யாரும் கல்லாவில் உட்கார வைக்கவில்லை. பெட்டியடிப் பையன் வேலை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிட்டை எழுதுவது, வட்டி போடுவது, நாளேட்டில் இருந்து பேரேட்டுக்குப் புள்ளி பெயர்ப்பது. கை தேர்ந்த பிறகு அடுத்தாள். அதற்கும் பிறகுதான் மேலாள். பெட்டியடிப் பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், இன்னாருக்குக் கடன் கொடுக்கலாமா என்பதில் அவன் சொல் எடுபடாது. கணக்கு அவன் வேலை. ஆளைப் பார்த்து, நிலத்தைப் பார்த்து, அக்கம்பக்கம் விசாரித்துக் கொடுப்பது மேலாள் பொறுப்பு. கொடுத்தது திரும்பாவிட்டால் ஐந்தொகை போடும்போது முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

சாட்பாட் நல்ல பெட்டியடிப் பையன். களைப்பே தெரியாது, நடுராத்திரியில் கூப்பிட்டாலும் வரும், கையெழுத்து சுத்தம். அந்த இடத்தில் அதை உட்கார வையுங்கள், மேலாள் நாற்காலியைக் கொடுத்துவிடாதீர்கள். இன்னொன்று: குடும்பக் கணக்கையும் அடுத்தவர் பெயர் விவரத்தையும் அதில் கொட்ட வேண்டாம். வெளியாள் முன்னால் எதைப் பேச மாட்டோமோ அதை அங்கேயும் பேசக் கூடாது.

நம் முன்னோர் எல்லாம் தெரிந்தவர்கள் என்று சொல்வதற்காகப் பர்மாவை இழுக்கவில்லை. அவர்கள் தவறியதும் அங்கேதான். 1929-30-ல் பர்மாவில் விசாரணை நடத்திய வங்கிக் குழுவின் கணக்குப்படி அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. பெரும்பாலோர் நெல்லை நம்பிக் கடன் கொடுத்தார்கள். ஒருவர் செய்வது சரி என்று அடுத்தவர் சொல்ல, அவர் செய்வது சரி என்று இவர் சொல்ல, மாற்றிப் பேச அந்த வட்டத்தில் ஆளே இல்லை. 1930-ல் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, நிலம் திரும்பியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937 வாக்கில் அது சுமார் 25 சதவீதம். பர்மிய விவசாயி நிலத்தை இழந்தான். அவன் வயிறு எரிந்ததில் நியாயம் இருந்தது. நம்மவர்களுக்கும் அது செல்வமாகத் தங்கவில்லை. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள். 1948-ல் நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. எங்கள் ஐயா பேரேட்டை மட்டும் கொண்டுவந்தார். ஒரு வரிகூடத் தப்பில்லாத பேரேடு. அதில் எழுதியிருந்த தொகைதான் எங்கேயும் இல்லை.

அதே 1937-ல் மாற்றி யோசித்தவரும் நம்மில் இருந்தார். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் அந்த வருஷம் பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தார். சரக்கும் பணமும் தேசம் விட்டுத் தேசம் போக வர உதவுவதுதான் அதன் வேலை என்று வகுத்துக்கொண்டார்.

ஏவி.மெய்யப்பச் செட்டியார் இன்னும் பக்கத்து ஆள். காரைக்குடியில் கடை வைத்து வளர்ந்தவர். 1935-ல் அவர் எடுத்த முதல் படம் 'அல்லி அர்ஜுனா' ஓடவில்லை. பின்னால் இதே காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு அவர் எடுத்த 'நாம் இருவர்' 1947-ல் வந்து பெரிய வெற்றி பெற்றது. அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள். ப.நீலகண்டன் எழுதி மேடையேறிய நாடகம் அது. முன்பின் தெரியாத ஜனங்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்த்த கதை. கதை நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் அறைக்குள் சொன்னதற்கும், காசு கொடுத்து வந்தவன் கடைசிக் காட்சி வரை எழுந்து போகாமல் இருந்ததற்கும் உள்ள தூரத்தை அவருக்குப் பன்னிரண்டு வருஷ அனுபவம் கற்றுக்கொடுத்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

ஏஐ விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன். கென்யாவில் 640 சிறு வியாபாரிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு வாட்ஸ்அப் வழியாக ஏஐ ஆலோசகரைக் கொடுத்தார்கள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பிரித்துப் பார்த்தபோது, ஏற்கெனவே நன்றாகத் தொழில் நடத்தியவர்கள் சுமார் 15 சதவீதம் மேலே போனார்கள். தடுமாறிக்கொண்டிருந்தவர்கள் சுமார் 8 சதவீதம் கீழே இறங்கினார்கள். கருவி ஒன்றுதான். அது சொன்னதில் எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது என்ற தேர்வில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். இதைப் படித்தபோது எனக்குத் துக்கமாக இருந்தது. யாருக்கு உதவி அதிகம் வேண்டுமோ அவர்களைத்தான் அது கீழே தள்ளியிருக்கிறது.

பேத்திக்கு நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: வேலையை விடக் கூடாது. ஆறு லட்சத்தில் பதினைந்தாயிரத்தை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். தொலைந்தாலும் தூக்கம் கெடாத தொகை.

முதலில் சாட்பாட்டைப் பெட்டியடியில் உட்கார வைத்தாள். கோட்டையூர்ச் சமையல்கார ஆச்சி ஒருவரிடம் அளவு கேட்டு எழுதினாள்: அரிசி, உளுந்து, நெய், வெல்லம், எண்ணெய், காஸ், கூலி, டின், கூரியர். அதைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னாள். அடக்க விலை நொடியில் வந்தது. பெட்டிக்கு உள்ளே இருக்கிற சரக்கைவிட, பெட்டி சிங்கப்பூர் போய்ச் சேருகிற செலவு அதிகம் என்று தெரிந்தது. அன்றோடு சிங்கப்பூரை அடித்தாள். அதுவரைக்கும் அது செய்தது நல்ல வேலை.

தவறியதையும் சொல்கிறேன். பாக்கெட் கார வகைக்கு வரி 12 சதவீதம் என்று அடித்துச் சொன்னது. 2025 செப்டம்பர் 22-லிருந்து அது 5 சதவீதம் என்று எங்கள் ஆடிட்டர் திருத்தினார். மணகோலம் பாலில் செய்கிற இனிப்பு என்றும் எழுதியிருந்தது. முறுக்கு மாவைப் பிழிந்து பொரித்து, ஒடித்து, பொட்டுக்கடலையும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து வெல்லப் பாகில் புரட்டுவது மணகோலம். அதில் பால் எங்கே வந்தது? அது எழுதி வைத்ததைப் படித்து வளர்ந்தது. அதிலும் பெரும்பகுதி ஆங்கிலம். நம் ஆச்சிமார்கள் பாகுப் பதத்தை எங்கே எழுதி வைத்தார்கள்? தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டி, தட்டில் போட்டு "டங்"கென்று சத்தம் வருகிறதா என்று கேட்பார்கள். அந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலும் இல்லை. நம் ஊரைப் பற்றி அது தயங்காமல் பேசும்போதுதான் நாம் அதிகம் தயங்க வேண்டும்.

மாசியில் முதல் ஈடு போட்டார்கள். இருபது கிலோ. தெரிந்தவர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுக்களில் படத்தைப் போட்டாள். நூற்று நாற்பது பேர் இதயம் போட்டார்கள், "செம", "எப்ப கிடைக்கும்" என்று ஒரே கொண்டாட்டம். மறுநாள் பெட்டி ஒன்றுக்கு 650 ரூபாய், பணம் முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்று எழுதச் சொன்னேன். பதினொரு பேர் அனுப்பினார்கள்.

அன்று ராத்திரி போனில் அழுதாள். நூற்று நாற்பது எங்கே, பதினொன்று எங்கே என்றாள். எனக்கு அந்தப் பதினொன்று போதுமானதாக இருந்தது. 1986-ல் எனக்குப் பதினொன்றாவது கிடைத்திருந்தால், அதுவும் நானூறு கிலோவைத் திரிப்பதற்கு முன்னால் கிடைத்திருந்தால், ஆச்சியின் வளையல் தப்பித்திருக்கும்.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் பதினொரு பேரையும் போனில் கூப்பிடச் சொன்னேன். நன்றாக இருக்கிறதா, மறுபடி வாங்குவீர்களா என்று மட்டும் கேட்காதே என்றேன். அதற்கு எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கடைசியாக எப்போது காசு கொடுத்துப் பலகாரம் வாங்கினீர்கள், எங்கே, என்ன விலை, எதற்காக, மிச்சம் இருந்ததா என்று நடந்ததைக் கேள். நடந்ததைச் சொல்லும்போது முகஸ்துதிக்கு இடம் குறைவு.

வேளச்சேரியில் ஒருவர் படம் அனுப்பினார். சீப்புச் சீடை ரவையாக நொறுங்கிக் கிடந்தது. அடுத்த ஈட்டில் பெட்டிக்குள் காகிதத்தை மாற்றி மாற்றி அடைத்து, சைக்கிள் கேரியரில் கட்டி, ஒரு பையனைப் பள்ளத்தூர் வரை போய்த் திரும்பச் சொன்னோம். மூன்று தடவை ரவை, நாலாவது தடவை முழுசாக வந்தது. வேறொருவர், தன் வீட்டில் மாதாமாதம் இத்தனை தின்ன ஆள் இல்லை, பிள்ளைகள் தொடுவதில்லை என்று உள்ளதைச் சொன்னார். மாதப் பெட்டி என்ற யோசனை அந்த ஒரு பேச்சில் ஆட்டம் கண்டது.

அண்ணாநகர் ஆச்சி ஒருவர் பதில் சொல்லாமல் திருப்பிக் கேள்வி கேட்டார். "ஏத்தா, எங்க வீட்டு ஐயாவுக்கு ஆவணியில சாந்திக் கல்யாணம் வருது. வந்தவுகளுக்குக் குடுக்க மணகோலம் முப்பது கிலோ செஞ்சு தருவியா? இங்க செய்யுற ஆளு கிடைக்கலை. ஊர்லேருந்து ஆளைக் கூட்டியாந்தா ரயில் சார்ஜு, தங்க இடம்னு போகுது." போன சாந்திக்கு அதற்கு என்ன செலவானது என்றும் கணக்காகச் சொன்னார்.

பேத்தி அன்றைக்கே பழைய பதில்களை எல்லாம் தேடிப் படித்தாள். இந்தத் தேவை பன்னிரண்டு தலைப்பிலும் இல்லை, ஆபத்துப் பட்டியலிலும் இல்லை. அறுபதாம் கல்யாணம், பிள்ளைப் பேறு, கோயில் படைப்பு என்று நம் வீடுகளில் விசேஷத்துக்கு வேண்டிய பலகாரத்தைச் சென்னையில் செய்து கொடுக்க ஆள் இல்லை என்ற குறை, அந்த ஆச்சியின் வீட்டுச் செலவில்தான் எழுதியிருந்தது.

இப்போது புது நோட்டுப் போட்டிருக்கிறாள். பிள்ளையார் சுழி போட்டு, முதல் பக்கத்தில் வரவு: ஐயாயிரம், அண்ணாநகர், முப்பது கிலோவுக்கு அட்வான்ஸ். இன்னும் வேலையை விடவில்லை. சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வந்து ஞாயிறு ராத்திரி திரும்புகிறாள். முப்பது கிலோவுக்கு ஒரே பதத்தில் பாகு எடுக்க ஒரு ஆள் போதாது, இரண்டு பேர் வேண்டும் என்று கோட்டையூர் ஆச்சி சொல்லிவிட்டார். தன் நாத்தனார் ஒருவர் கானாடுகாத்தானில் இருக்கிறாராம், கை சுத்தமாம், ஆனால் வெளி வேலைக்கு வருவாரா என்று தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை நானும் பேத்தியும் அவர் வீட்டுக்குப் போகிறோம், வெற்றிலை பாக்குத் தட்டோடு.